கொழுக்கட்டைப் புல் விதை: ஒரு பொட்டலத்துக்குள் எத்தனை புல்?

தபாலில் தீவன விதை அனுப்பும் ஒரு விற்பனையகத்திடம் சென்ற ஆவணி மாதத்தில் 4 கிலோ கொழுக்கட்டைப் புல் விதையும் அரைக் கிலோ மார்வேல் புல் விதையும் வாங்கினேன். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில் எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் நான்கு ஏக்கர் கொறங்காட்டில், மண் தெரியும் அளவுக்கு மேய்ந்து போன ஒன்றரை ஏக்கரை மீண்டும் புல்லாக்குவதே நோக்கம். விதை முளைத்த விதத்தில் குறை சொல்ல எனக்கு இடமில்லை. விற்பவரின் பேச்சிலும் நடத்தையிலும் நேர்மை இருந்தது. ஆனால் பொட்டலத்தின் மேல் எழுதியிருந்த பெயருக்கும் உள்ளே இருந்த புல்லுக்கும் இடையில் ஒரு பெரிய இடைவெளி இருந்தது. இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அந்த ஒரு குறையைப் பற்றியதாகவே இருக்கும். மேய்ச்சல் நிலத்துக்கு நாட்டுப் புல் விதை வாங்க நினைப்பவர்கள் விதைப்பதற்கு முன்பே அதைத் தாங்களே சோதித்துக்கொள்ள முடியும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விற்பனையகத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே குறை இந்தத் தொழிலில் பரவலாக இருக்கக்கூடியது. ஒருவரை மட்டும் சுட்டுவது முறையாகாது.

கொறங்காடு என்பதை அறியாதவர்களுக்காக ஒரு குறிப்பு. திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில், முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே வெள்வேல மரங்களைப் பரவலாக விட்டு, தரையில் கொழுக்கட்டைப் புல்லை வளர்த்துப் பேணப்படும் தனியார் மேய்ச்சல் நிலமே கொறங்காடு. ஆண்டுக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது என்ற நிலையில், காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் இந்த மண்ணில் நிலைத்ததற்கு அந்தப் புல்லே முதல் காரணம். ஒருமுறை வேர்பிடித்த தூர், கோடையில் காய்ந்து கருகியதுபோல் தோன்றினாலும், அடுத்த மழையில் அடித்தண்டின் முடிச்சிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆண்டுதோறும் உழுது விதைக்கத் தேவையில்லாத இந்தப் பல்லாண்டுத் தன்மைக்காகவே இதற்கு இவ்வளவு மதிப்பு. அதனாலேயே தவறான விதையை விதைத்துவிட்டால் அந்தத் தவறும் பல ஆண்டுகள் நிலத்தில் நிற்கும்.

பொட்டலம் நன்றாகவே கட்டப்பட்டிருந்தது. காற்று புகும் துணிப்பை, அதற்கு மேல் சாக்கு. நெகிழிப் பையில் அடைத்து வியர்க்க விடவில்லை என்பதை முதலில் கவனித்து மகிழ்ந்தேன். சீட்டில் “நாட்டுக் கொழுக்கட்டைப் புல், பல்லாண்டு” என்று எழுதி, அறுவடை செய்த மாதமும் குறித்திருந்தார்கள். அந்த மாதம் மிக முக்கியமானது. கொழுக்கட்டைப் புல்லின் புது விதைக்கு உறக்க காலம் உண்டு. அறுவடையான ஆறு மாதங்களுக்குள் விதைத்தால் பெரும்பகுதி முளைக்காமல் கிடக்கும். எனக்கு வந்தது முந்தைய தை மாத விதை என்பதால் அந்தக் கவலை இல்லை. பத்து நாட்களுக்குள் கைக்கு வந்தது. விலை சோள விதையோடு ஒப்பிட்டால் பல மடங்குதான். ஆனாலும் முட்களுக்கிடையில் குனிந்து கையால் உருவிச் சேர்க்கும் உழைப்பை அறிந்தவர்கள் அந்த விலையைக் குறை சொல்ல மாட்டார்கள்.

குறை, பையைப் பிரித்துக் கைப்பிடி அள்ளியபோது தொடங்கியது. விரல்களுக்கிடையில் ஒரு பகுதி பஞ்சாக நழுவியது. இன்னொரு பகுதி கரடுமுரடான தானியம் போல் உருண்டது. எங்கள் பக்கத்துக் காட்டுக்காரர், எழுபது வயதைக் கடந்தவர், என் கையிலிருந்து கொஞ்சம் வாங்கி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இது ஒரே புல்லு இல்ல தம்பி, ரெண்டு புல்லு கலந்திருக்குது” என்றார். பெயர் என்னவென்று கேட்டதற்கு, இரண்டும் கொழுக்கட்டைதான் என்றார். அவர் சொன்னது இரண்டும் சரி. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

கொழுக்கட்டைப் புல் என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது இரண்டு பல்லாண்டு இனங்கள் வாழ்கின்றன. ஒன்று சென்க்ரஸ் சிலியாரிஸ். லின்னேயஸ் 1771இல் பெயரிட்டது. மற்றொன்று சென்க்ரஸ் செட்டிஜெரஸ். டென்மார்க்கைச் சேர்ந்த வால் என்பவர் 1805இல் பெயரிட்டது. வட இந்தியாவில் முதலாவதை அஞ்சன் அல்லது தாமன் என்றும், இரண்டாவதைக் கருப்பு அஞ்சன், மோடா தாமன் என்றும் பிரித்து அழைக்கிறார்கள். ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் இரண்டுக்கும் தனித்தனி ரகங்களையே வெளியிட்டுள்ளது: சிலியாரிஸில் மார்வார் அஞ்சன், செட்டிஜெரஸில் மார்வார் தாமன். நம்மிடம் அந்தப் பிரிவினை பெயரில் இல்லாததால், விதை சேகரிப்பவரும் விற்பவரும் வாங்குபவரும் ஒரே சொல்லைச் சொல்லி வெவ்வேறு புல்லை நினைத்துக்கொள்கிறோம்.

இந்த வேறுபாடு ஏன் பொருட்படுத்தத் தக்கது என்று கேட்கலாம், மாடு இரண்டையும் தின்கிறதே. தின்கிறது, ஆனால் நிலம் இரண்டையும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. சிலியாரிஸ் உயரமாக வளர்ந்து நிறைய இலை தருவது. நீர் தேங்காத மணல் கலந்த செம்மண்ணை விரும்புவது. இளம் பயிரின் காலில் தண்ணீர் நின்றால் விரைவில் சோர்ந்துவிடுவது. செட்டிஜெரஸ் குட்டையானது, தீவன மகசூல் குறைவு; ஆனால் அதைவிடக் குறைந்த மழையிலும் தாக்குப்பிடிக்கும், சற்றுக் களிப்பாங்கான மண்ணையும் பொறுத்துக்கொள்ளும், கடுமையான மேய்ச்சலுக்கும் அசையாது. எங்கள் காட்டில் மேற்கு மேட்டில் சரளை கலந்த செம்மண்ணும் கிழக்குத் தாழ்வில் களியும் இருப்பதால், மேட்டுக்கு ஒன்று, தாழ்வுக்கு மற்றொன்று என்று தனித்தனியே விதைப்பதே சரியாக இருந்திருக்கும். கலந்து வந்த விதை அந்த வாய்ப்பை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது.

இனிப் பிரித்தறியும் முறைக்கு வருகிறேன். இலையை வைத்து இவற்றைப் பிரிக்க முயல்வது வீண் உழைப்பு. இரண்டிலும் இலையுறையும் இலையும் சேரும் இடத்தில் சவ்வுக்குப் பதிலாக மயிர் வரிசையே இருக்கும்; இரண்டிலும் அடித்தண்டு முடிச்சாகப் பருத்திருக்கும்; இலையின் அகலமும் நீளமும் மண்ணையும் மழையையும் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். அடையாளம் முழுவதும் கதிரில்தான் இருக்கிறது, அதிலும் நாம் விதை என்று சொல்லிக் கையில் எடுக்கும் அந்தக் கொத்தில். உண்மையில் அது விதை அன்று. ஒன்று முதல் நான்கு சிறுகதிர்களை, அதாவது பூவும் தானியமும் உருவாகும் சிறு அலகுகளை, சுற்றி மயிர் போன்ற தூவிகள் வேலியாக நிற்கும் ஒரு சிறு கொத்து. முற்றியதும் முழுக் கொத்தாகவே உதிர்வது. தானியம் அதற்குள் ஒளிந்திருக்கும்.

நகைக்கடைகளில் கல் பார்க்கப் பயன்படுத்தும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கொத்தை ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொண்டுவர வேண்டும். லென்ஸைக் கொத்தின் அருகே பிடித்துக்கொண்டு தலையைத் தூரத்தில் வைத்தால் எதுவும் தெரியாது. வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கருப்புத் துணியின் மேல் கொத்துகளைப் பரப்பிப் பார்த்தபோது, பத்து நிமிடத்தில் என் கண் பழகிவிட்டது.

சிலியாரிஸ் கொத்தில் தூவிகள் நூல் போல் மெல்லியவை, நெளிபவை, சிறுகதிரை விட மிக நீளமானவை. வெளிச்சுற்றில் இருப்பவை குட்டை. உள்சுற்றில் இருப்பவை நீண்டவை. அவற்றுள்ளும் ஒன்று மட்டும் மற்றவற்றை விஞ்சி நீண்டிருக்கும். உள்தூவிகளின் கீழ்ப்பகுதியில் இருபுறமும் மென்மயிர் வரிசை நிற்கும். சிலியா என்றால் லத்தீனில் கண்ணிமை. இமைமயிர் போன்ற அந்த வரிசையைப் பார்த்தே இந்தப் பெயர் வந்தது, லென்ஸில் ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் பிறகு மறக்காது. கொத்தைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தால், தூவிகள் அடியில் மட்டும் ஒட்டிச் சிறு வட்டு போல் இருப்பதும், அதற்கு மேல் ஒவ்வொன்றும் தனித்தனியே பிரிந்துவிடுவதும் தெரியும். விரல் நகத்தால் எளிதாகப் பிரித்துவிடலாம்.

செட்டிஜெரஸ் கொத்து முற்றிலும் வேறு கட்டடம். உள்தூவிகள் தட்டையானவை, விறைப்பானவை, ஓலைக்கீற்று போன்றவை. அடியிலிருந்து கணிசமான உயரம் வரை ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கிண்ணமாக அமைந்திருக்கும். சிறுகதிர்கள் அந்தக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். இமைமயிர் கிடையாது. தூவிகளின் நுனி சிறுகதிரைச் சற்றே தாண்டி நிற்கும், அவ்வளவுதான். வெளிச்சுற்றுத் தூவிகள் மிகச் சில, அல்லது இல்லவே இல்லை. நகத்தால் பிரிக்கப் பார்த்தால் கிண்ணம் உடையும், விரியாது. பக்கத்துக் காட்டுக்காரரின் உள்ளங்கை பஞ்சு என்றும் தானியம் என்றும் உணர்ந்தது இந்த இரண்டு கட்டடங்களைத்தான்.

முழுச் செடி நிற்கும்போது இந்த வேறுபாடு தூரத்திலிருந்தே தெரியும். சிலியாரிஸ் கதிர் அணில் வால் போல் மென்மையாகப் பருத்து, சாம்பலாகவோ ஊதாவாகவோ வைக்கோல் நிறமாகவோ இருக்கும். செட்டிஜெரஸ் கதிர் ஒல்லியாக, மணிகளை நெருக்கிக் கோத்ததுபோல், பெரும்பாலும் கருஞ்சிவப்பாக இருக்கும். ஆனால் விதை வாங்குபவர் கதிரைப் பார்க்கும்போது மூன்று மாதம் கடந்திருக்கும்; பணமும் மழையும் போயிருக்கும். ஆகவே கொத்தைப் படிக்கத் தெரிந்துகொள்வதே பயன் தருவது.

நான் பிரித்துப் பார்த்த கைப்பிடிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செட்டிஜெரஸாக இருந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. கனமான செட்டிஜெரஸ் கொத்து பையில் மெல்ல அடிக்கு இறங்கிவிடும். பஞ்சான சிலியாரிஸ் மேலே நிற்கும். பையின் வாயில் மட்டும் அள்ளிப் பார்த்த என் முதல் கைப்பிடியில் செட்டிஜெரஸ் மிகக் குறைவாகவே இருந்தது. அடியில் கைவிட்டு எடுத்ததில்தான் உண்மை தெரிந்தது. மாதிரி எடுப்பவர்கள் மேல், நடு, அடி என்று மூன்று இடங்களில் எடுக்க வேண்டும்.

பொட்டலத்தில் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. அளவில் மிகக் கொஞ்சம்தான், ஆனால் எனக்கு மிகுந்த கவலை தந்தது அதுதான். சாக்கின் நூலில் மாட்டிக்கொண்டு வர மறுத்த சில முள்கொத்துகளை லென்ஸில் பார்த்தபோது, தூவியின் பற்கள் கீழ்நோக்கி வளைந்திருப்பது தெரிந்தது. சிலியாரிஸ் தூவியிலும் நுண்பற்கள் உண்டு, ஆனால் அவை நுனியை நோக்கி நிற்கும். அடியிலிருந்து நுனிக்கு விரலை ஓட்டினால் வழுக்கும், நுனியிலிருந்து அடிக்கு ஓட்டினால் சொரசொரக்கும். பற்கள் தலைகீழாக இருந்தால் அது சென்க்ரஸ் பைஃப்ளோரஸ். ராஜஸ்தான் மணல்வெளிகளில் பரூட் என்று அழைக்கப்படும் இந்த ஒருபருவப் புல்லின் தானியத்தைப் பஞ்ச காலங்களில் மக்கள் உண்டதுண்டு. இளம் பருவத்தில் கால்நடையும் மேயும். ஆயினும் முற்றிய பிறகு அதன் முள்கொத்து ஆட்டு ரோமத்திலும் மனிதர் துணியிலும் மாட்டிக்கொண்டு பரவும். “பல்லாண்டு” என்று எழுதிய பொட்டலத்தில் ஒருபருவப் புல் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இது சேகரிக்கும் இடத்திலேயே, கம்பளித் துணியின் மேல் விதையை ஒருமுறை உருட்டினாலே நீக்கிவிடக்கூடிய கலப்படம்.

அடுத்த நாள் தொலைபேசியில் அழைத்தேன். முதலில் பேசியவர், “எல்லாம் கொழுக்கட்டைதானுங்க, மாடு நல்லாத் திங்கும்” என்றார். அவர் ஏமாற்றவில்லை, அப்படித்தான் நம்புகிறார் என்பது குரலிலேயே தெரிந்தது. நான் விடாமல் விளக்கியதும் உரிமையாளரிடம் கொடுத்தார். உரிமையாளர் கேட்டுக்கொண்டபடி மூன்று வகையையும் தனித்தனித் தாளில் மடித்து அனுப்பினேன். ஒரு வாரத்தில் அவரே அழைத்து, வெவ்வேறு காடுகளில் ஆடு மேய்ப்பவர்கள் உருவிக் கொடுத்த விதையை ஒரே களத்தில் கொட்டிச் சேர்த்ததாகவும், எந்தக் காட்டில் எது என்று குறித்து வைக்கவில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னார். ஒரே பாத்தியில் எடுத்த 1 கிலோ விதையைக் கட்டணமின்றி அனுப்பினார். அதில் நான் பார்த்த அளவில் அனைத்தும் சிலியாரிஸ். பொருளில் இருந்த குறையை அவருடைய நேர்மை பெருமளவு ஈடு செய்தது என்பதை இங்கே பதிவு செய்வது என் கடமை.

பேச்சினிடையே அவர் ஒரு கேள்வி கேட்டார்: நீலக் கொழுக்கட்டை என்பது இந்த இரண்டில் எது? இதற்கு நேரான விடை சொல்வது எளிதன்று. இலையில் நீலம் பூத்த சாம்பல் நிறம் படர்ந்த செடிகளைத் தமிழகத் தாவரவியலாளர்களான முதலியாரும் சுந்தரராஜும் சென்க்ரஸ் கிளாக்கஸ் என்ற தனி இனமாக விவரித்தார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1 என்ற பெயரில் தந்த நீலக் கொழுக்கட்டை அந்தப் பெயரில்தான் அறியப்படுகிறது. வேறு சில வகைப்பாட்டாளர்கள் அதைச் சிலியாரிஸுக்குள்ளேயே அடக்குகிறார்கள். இந்தக் கருத்து வேறுபாட்டுக்குச் செடியின் இயல்பே காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். சிலியாரிஸ் பெரும்பாலும் கருவுறாமலேயே விதை கட்டுகிறது. விதையில் பிறக்கும் செடி தாயின் நகலாகவே இருக்கும். எனவே நிறத்திலோ உயரத்திலோ ஒரு சிறு மாற்றம் தோன்றினால், அது அக்கம்பக்கத்துச் செடிகளோடு கலந்து கரையாமல் தலைமுறை தலைமுறையாக அப்படியே தொடரும். ஒரே காட்டில் நீல இலையும் பச்சை இலையும், ஊதாக் கதிரும் வெளிர் கதிரும் அருகருகே நின்றும் ஒன்றாகாமல் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே நிறத்தை மட்டும் வைத்து இனம் பிரிக்கக் கூடாது. கொத்தின் கட்டடம் மாறாத வரை, நீலமானாலும் பச்சையானாலும் அது சிலியாரிஸ் பக்கத்தைச் சேர்ந்ததே.

பெயர்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. 2010இல் பென்னிசெட்டம் என்ற பேரினம் முழுவதும் சென்க்ரஸோடு இணைக்கப்பட்டதால், கம்பும் நேப்பியர் புல்லும்கூட இப்போது சென்க்ரஸ் என்ற பேரினப் பெயரையே தாங்குகின்றன. பழைய சீட்டுகளில் பென்னிசெட்டம் சிலியாரே என்று இருந்தால் அதுவும் நம் கொழுக்கட்டையே.

இனி மார்வேல் பொட்டலம். இதில் கலப்பு இன்னும் ஆழமானது, ஏனென்றால் இங்கே கலந்திருந்தவை இரண்டு வெவ்வேறு பேரினங்கள். மார்வேல் என்பது டைகாந்தியம் அனுலேட்டம். அனுலஸ் என்றால் மோதிரம். கணுவைச் சுற்றி நிற்கும் வெண்மயிர் வளையத்தால் வந்த பெயர். இந்த வளையத்தை மட்டும் நம்பி ஏமாறுபவர்கள் பலர், நானும் முன்பு அவர்களில் ஒருவன். போத்ரியோகுளோவா பெர்ட்டூசா என்ற புல்லிலும் கணுவில் மயிர் உண்டு. அதிலும் விரல்களை விரித்தது போன்ற கதிர்க்கிளைகள் உண்டு. இரண்டும் ஒரே வரப்பில் பின்னிக்கிடக்கும். மேய்ந்து குட்டையான இடத்தில் இரண்டையும் பிரிப்பது மிகக் கடினம்.

லென்ஸ் மீண்டும் உதவியது. இந்தப் புற்களில் சிறுகதிர்கள் இரண்டிரண்டாக இருக்கும்: காம்பில்லாத ஒன்றும், அதன் அருகே காம்புள்ள ஒன்றும். காம்பில்லாத சிறுகதிரின் கீழ் உமியைப் பார்க்க வேண்டும். பெர்ட்டூசா என்றால் துளைக்கப்பட்டது. அந்த உமியின் மேல்பாதியில் குண்டூசியால் குத்தியது போன்ற ஒரு குழி இருக்கும். இந்தக் குழி சில கதிர்களில் தெளிவாகவும் சிலவற்றில் மங்கலாகவும் இருப்பதால், இரண்டாவது சான்றையும் பார்ப்பது நல்லது. காம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், போத்ரியோகுளோவாவில் காம்பின் நடுவே நீளவாட்டில் ஒளி ஊடுருவும் மெல்லிய கோடு தெரியும். டைகாந்தியத்தில் காம்பு ஒரே தடிப்பாக, கோடின்றி இருக்கும். என் அனுபவத்தில் இந்தக் கோடு குழியை விட நம்பத்தக்கது. குழி இருக்கிறது என்பதற்காக மட்டும் பெர்ட்டூசா என்று முடிவு கட்டினால் வேறொரு பிழை நேரும்: டைகாந்தியம் ஃபோவியோலேட்டம் என்ற புல்லின் உமியிலும் குழி உண்டு, ஆனால் அதன் கதிர் ஒற்றைக் கிளையாகவே நிற்கும், விரல்களாக விரியாது.

அரைக் கிலோ மார்வேலில் பாதிக்கு மேல் குழியும் கோடும் தெரிந்தன. பெர்ட்டூசா வீணான புல் அன்று. தரையில் படர்ந்து வேர்விட்டுக் கடுமேய்ச்சலைத் தாங்கும், வெறும் தரையை விரைவில் மூடும். ஆனால் கரிசல் சார்ந்த வரப்பில் அறுத்துப் போடுவதற்காக மார்வேலை விலை கொடுத்து வாங்குபவருக்கு, எந்த ஓடையோரத்திலும் தானே வளரும் பெர்ட்டூசாவைக் கொடுப்பது சரியன்று. இந்தப் பொட்டலத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். உரிமையாளரும் மார்வேல் விதை விற்பதை நிறுத்தி வைத்து, இனி வேர்த்தூராக மட்டும் கொடுக்கப்போவதாகச் சொன்னார். அது நல்ல முடிவு, தூரில் இனம் கலப்பதற்கு வாய்ப்பு குறைவு.

முளைப்புக்கு வருகிறேன். கொழுக்கட்டைக் கொத்துகளில் உள்ளே தானியமே இல்லாத வெற்றுக் கொத்துகள் இருப்பது இயல்பு. எடைக்கு விற்கும் விதையில் இது பெரிய ஏமாற்றத்துக்கு வழி வைக்கும். கொத்தை இரு விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தால், உள்ளே தானியம் இருந்தால் கடினமாக உறுத்தும். நான் தேய்த்துப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை நிறைந்திருந்தன. ஈரத்துணியில் 50 கொத்துகளைச் சுருட்டி வைத்ததில் ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் முளைத்தன. காட்டில் பொறுக்கிய நாட்டு விதைக்கு இது மிக நல்ல முளைப்பு. காலம் தாழ்த்தி அனுப்பிய அவர்களுடைய பொறுமைக்கு இதில் பங்கு உண்டு.

ஹெக்டேருக்கு 6 முதல் 8 கிலோ என்ற வழக்கமான கணக்கில் என் ஒன்றரை ஏக்கருக்கு விதை சரியாகவே போதும். ஐப்பசி முதல் மழை விழுந்ததும், ஈர மணலோடு கலந்து தூவி, முள்கிளையை இழுத்து மண்ணை லேசாக மூடினேன். விதை ஆழமாகப் போனால் முளை வெளியே வருவது கடினம். இங்கேயும் கலப்பு தன் வேலையைக் காட்டியது. கனமான கொத்து வீசிய இடத்தில் விழ, பஞ்சுக் கொத்து காற்றில் நகர்ந்து வேலியோரம் போய் ஒதுங்கியது. மார்கழியில் கதிர் வந்தபோது, காட்டின் நடுவில் ஒல்லிக் கதிர்களும் கிழக்கு வேலியோரத்தில் அணில்வால்களும் தனித்தனியே நின்றன. மண்ணைப் பார்த்து நான் செய்திருக்க வேண்டிய பிரிவினையைக் காற்று, அதுவும் தலைகீழாக, செய்துவிட்டிருந்தது: களியை விரும்பாத சிலியாரிஸ் களித் தாழ்வில், களியைத் தாங்கும் செட்டிஜெரஸ் மேட்டுச் சரிவில். கார்த்திகைக் கடைசியில் மூன்று நாள் தண்ணீர் நின்றதில் தாழ்வில் இருந்த இளம் தூர்களில் கணிசமானவை மஞ்சளாகி அழிந்தன. இனப்பெயரைச் சரியாக எழுதாததால் ஒரு மேய்ச்சல் நிலத்துக்கு நேரக்கூடிய இழப்பு இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் தீவனத்துக்காகக் கொண்டுபோகப்பட்ட சிலியாரிஸ், அங்குள்ள இயற்கைத் தாவரங்களை நெருக்கும் களையாகப் பரவி, சொனோரா பாலைவனத்தில் பெரும் கள்ளிகளை எரிக்கும் தீக்கு எரிபொருளாகிவிட்டது. இங்கே அது மண்ணின் புல். பல நூறு ஆண்டு மேய்ச்சலோடு பழகியது. அயல்நாட்டு விதையை இறக்குமதி செய்து விற்பவர்களிடம் போகாமல், நம் காடுகளில் இன்னும் மிஞ்சியிருக்கும் தூர்களிலிருந்து விதை சேர்க்கும் இதுபோன்ற சிறு விற்பனையகங்கள் நிலைக்க வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம். அதனால்தான் குறையை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: கொழுக்கட்டை விதைக்கு ஐந்தில் மூன்று, மார்வேல் விதைக்கு ஐந்தில் ஒன்று, வாங்கிய பிறகான கவனிப்புக்கு ஐந்தில் ஐந்து.

உரிமையாளரிடம் நான் கேட்டுக்கொண்டவை எளியவை. சீட்டில் சிலியாரிஸ் அல்லது செட்டிஜெரஸ் என்று எழுத வேண்டும். தாவரப் பெயர் விவசாயிக்குப் புரியாது என்று நினைத்தால் பஞ்சுக் கொழுக்கட்டை, மணிக் கொழுக்கட்டை என்று எழுதினாலும் போதும். எந்த ஊர்க் காட்டில், எந்த மண்ணில் எடுத்தது என்று ஒரு வரி வேண்டும். ஒரு கொத்தைப் பெரிதாக எடுத்த படம் சீட்டில் இருந்தால் வாங்குபவரே ஒப்பிட்டுக்கொள்வார். முதல் இரண்டையும் இந்த ஆண்டு விதையிலிருந்து செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

கிழக்குத் தாழ்வுக்கு 2 கிலோ செட்டிஜெரஸ் மட்டும் தனியாகக் கேட்டிருக்கிறேன். இந்தத் தை மாதத்தில் உருவிய விதை என்பதால் உறக்கம் கலைந்து ஆடிக்குப் பிறகுதான் அனுப்புவார். அதற்கு முன் ஒரு சிட்டிகை மாதிரி தபாலில் வரும்; சாக்கின் அடியிலிருந்து எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.